ஊசிக்கு எடுத்த எக்ஸ்ரே படம்

எங்கள் வீட்டு சாமி அலமாரியில், மாரியம்மன் படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவே, ஓர் ஊசியின் எக்ஸ்ரே படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன சாமி என்று கேட்பார்கள். சாமி இல்லை. பனியன் துணி பின்னுகிற மிஷினில் போடும் ஊசி. தலையில் ஒரு கொக்கி, அதற்குக் கீழே திறந்து மூடும் சின்ன நாக்கு. அந்த நாக்கைப் பிடித்திருக்கும் ஆணியை ஊசியைக் கையில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். படத்தில் அது தனிப் புள்ளியாகத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாப் படத்தையும் துடைத்துக் குங்குமம் வைக்கும்போது இதையும் துடைக்கிறேன். குங்குமம் மட்டும் வைப்பதில்லை. விரல் கிட்டே போகும், நின்றுவிடும்.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவது வழக்கம். நான் கல்யாணமாகி நெருப்பெரிச்சல் என்கிற இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பேர் மாறியதில்லை. கீழே துணி பின்னுகிற நிட்டிங் மிஷின்கள், மேலே வீடு. காலையில் மிஷின் ஓட ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த பால் சட்டிகூடச் சன்னமாக நடுங்கும். அப்போது அவர் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். லீவு நாளில் பனியன் கம்பெனிக்காரன் தம்பியாகவே மாறிவிடுவார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு சாப்பிட வருவார்.

துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்தால் எங்கோ ஓர் ஊசி கெட்டுவிட்டது என்று அர்த்தம். மிஷினை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். வட்டமாக நெருக்கி நிற்கிற அத்தனை ஊசிகளில் எது வளைந்தது என்று நின்ற நிலையில் பார்த்தால் தெரியாது. குனிந்து, கண்ணை ஊசி வரிசைக்கு நேர்மட்டமாகக் கொண்டுபோய், வரிசையோடு வரிசையாகப் பார்க்க வேண்டும். நிட்டிங்கில் இருப்பவர்கள் எல்லோருமே அப்படிக் குனிகிறவர்கள்தான். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றி வருவார். கொழுந்தனார் ஒரு தடவை குனிவார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். "இதுங்கண்ணா" என்பார். அவர் விரல் வைத்த ஊசி தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைக்குத்தான் வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. விஞ்ஞானி வேலை இல்லை. விஞ்ஞானிகள் சொல்கிறபடி மிஷின்களைப் பூட்டி, நேராக்கி, சரிபார்த்துக் கொடுக்கிற வேலை. லேசர் என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். லேசர் என்றால் எனக்குத் தெரிந்தது கோயில் திருவிழாவில் பிள்ளைகள் அடிக்கிற சிவப்பு டார்ச்தான். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பைபாஸுல கண்டெய்னர் லாரி வேகமாப் போனா, பின்னாலயே பிளாஸ்டிக் கவரெல்லாம் இழுத்துக்கிட்டு ஓடுதுங்களே நங்கை, அது மாதிரிங்க. லேசரு கேஸுக்குள்ள பாயுது. அது போன தடத்துல எலக்ட்ரானெல்லாம் இழுத்துக்கிட்டு ஓடுது. என்ன, அந்த வேகத்துக்கு ரோட்டுல ஒண்ணையுமே சொல்ல முடியாதுங்க."

ஓடி வருகிறதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் வழியில் ஒரு காந்தத்தை வைப்பார்களாம். மெதுவாக வருவது அதிகமாகத் திரும்பும், வேகமாக வருவது கொஞ்சமாகத்தான் திரும்பும். எதிரே ஒரு திரை. எலக்ட்ரான் வந்து விழுந்த இடம் கண்சிமிட்டும் நேரம் பச்சையாக மின்னும். எந்த இடத்தில் மின்னியது என்று கேமரா படம் பிடித்தால் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த எலக்ட்ரான் ஓடும்போது இப்படியும் அப்படியும் ஆடுமாம். ஆடும்போது அதிலிருந்து எக்ஸ்ரே பிறக்குமாம். அந்தப் பெரிய லேசரைச் சுடும்போது அறையில் ஒரு ஆளும் இருக்கக் கூடாது. கதவு பூட்டினால்தான் மிஷின் சுடும். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். எவ்வளவு கதிர் உடம்பில் பட்டது என்று அது சொல்லும்.

"இத்தனையும் இருக்கற ஊட்டுல எதுக்குத் தம்பி போய் நிக்கோணும்?" என்று கேட்டேன்.

"நான் நிக்கறதில்லீங்க. வெளிய வந்துதான் சுடுவாங்க. உள்ள இருக்கறப்போ சின்ன லேசர்தான், பெரிசு போற வழிய நேராக்கறதுக்கு. அதுவும் கண்ணுக்குத் தெரியாதுங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் தைரியம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கும்பிட்டே வளர்ந்தவள் நான். தெரியாத ஒன்று எந்நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நல்லதாகவே நினைத்துப் பழகியவள். அன்றைக்கு முதல்முறையாக அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எக்ஸ்ரே சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு நாள் ஏதாவது சின்னப் பொருள் கேட்டிருக்கிறார்கள். இவர் பையில் நம் மிஷின் ஊசி ஒன்று எப்போதும் கிடக்கும். எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படி வந்ததுதான் அந்தப் படம். எல்லாருக்கும் சந்தோஷம். பெரிதாக்கி, சட்டம் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். ஆயுத பூஜைக்கு மிஷினெல்லாம் கழுவி, சந்தனம் வைத்து, ஸ்பேனர், கத்தரி எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கியபோது என் வீட்டுக்காரர் அதையும் நடுவில் வைத்தார். "நம்ம ஊசிக்கும் எலும்பு இருக்குதுன்னு என் தம்பிதான் கண்டுபிடிச்சான்" என்று ஆபரேட்டர்களிடம் பெருமையடித்தார். மறுநாள் ஸ்பேனரும் கத்தரியும் வேலைக்குப் போய்விட்டன. படம் அங்கேயே தங்கிவிட்டது.

அவர் குனிகிற பழக்கம் அங்கே ஆபத்து என்று அந்த லீவில்தான் எனக்குத் தெரிந்தது. கீழே ஒரு மிஷின் கோடு போட்டது. மோர் கொண்டு போயிருந்தேன். கொழுந்தனார் பழக்கம் போலக் குனிந்தார், ஒரு கண்ணை மூடினார், ஊசியைக் காட்டினார். நிமிர்ந்தபோது அவருக்கே ஏதோ நினைவு வந்த மாதிரி முகம் மாறியது.

"அங்க மொத நாளே சொல்லிக் குடுக்கறது என்ன தெரியுங்களா நங்கை? குனியாதேங்கறதுதான். லேசர் போற மட்டத்துக்குக் கண்ணு வரவே கூடாது. ஏதாச்சும் கீழ விழுந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குனியோணும்."

"சாமி கும்பிடற மாதிரியா?"

"அப்படியேதானுங்க." கொஞ்சம் தயங்கினார். "நான் ஒருக்கா மறந்து குனிஞ்சுட்டனுங்க. எங்க பெரிய விஞ்ஞானி போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்க."

என் வீட்டுக்காரர் மிஷினுக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். "அங்க கண்ண மூடிக் குனியற, இங்க தொறந்து குனியற. நீ எந்தக் கம்பெனி ஆளுடா?"

எல்லோரும் சிரித்தார்கள். பீகார்க்கார ஆபரேட்டருக்குப் பாதி புரிந்து, அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு கற்றுக்கொண்டதை வாயால் சொல்லி மறக்க வைக்க முடியுமா? கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற நான் யோசித்தா கழற்றுகிறேன்? அவர் கிளம்பும்போது மாரியம்மன் கோயில் கயிற்றைக் கையில் கட்டி, "கண்ணாடியக் கழட்டாதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். அங்கே போடுகிற தடித்த பச்சைக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். "அதப் போட்டாப் போதுமுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

போன் ஒரு மத்தியான வேளையில் வந்தது. ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "நங்கை, அண்ணன்கிட்ட இப்பச் சொல்லீராதீங்க" என்று ஆரம்பித்தார். குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். மறுபடியும் ஓர் ஊசியைப் படம் எடுக்க மாட்டியிருக்கிறார்கள். அது கொஞ்சம் சாய்ந்திருந்த மாதிரி இருந்திருக்கிறது. பச்சைக் கண்ணாடி வழியாக ஊசி சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணை ஊசிக்கு நேர்மட்டமாக வைத்துப் பார்த்திருக்கிறார். நேராக்குகிற சின்ன லேசர் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியின் பளபளப்பில் அது பட்டுத் திரும்பியிருக்கிறது. வெளிச்சம் எதுவும் தெரியவில்லையாம். வலியும் இல்லையாம். "கண்ணுக்குள்ள டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. அப்புறம் நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியலீங்க. அவ்வளவுதான்" என்றார். யாரும் தப்புச் செய்யவில்லை. ஊசி சாய்ந்திருந்தால் நம் வீட்டு ஆம்பிளைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறார்.

அவர் லீவு போட்டு ஊருக்கு வந்ததும் கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். கண்ணின் நடுவே, நேராகப் பார்க்கிற இடத்தில், சின்னதாக வெந்திருக்கிறது என்றார். வீக்கம் வற்றினால் பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், சில மாதம் பொறுத்துப் பாருங்கள் என்றார். வரும் வழியில் கோயில் கடையில் நான் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கினேன். பார்வை வந்தால் அம்மனுக்குச் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு, பிரிக்காத பொட்டலமாகவே ஊசிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் அவர் சாமி அலமாரி முன்னால் வந்து நிற்பார். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். நான் சமையல்கட்டில் கரண்டிச் சத்தம்கூட வராமல் நின்றிருப்பேன். கேட்கக் கூடாது என்று நினைப்பேன், கேட்டுவிடுவேன்.

"எப்படிங்க தம்பி?"

"இந்தப் பக்கம் அம்மன் தெரியறாங்க. அந்தப் பக்கம் பிள்ளையார் தெரியறாரு." அங்கேயே பார்த்துக்கொண்டு சொல்வார். "நடுவுல ஊசிதானுங்க காணோம்."

ஒவ்வொரு நாளும் அதே பதில். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். அதற்கப்புறம் அவரும் அலமாரி முன்னால் நிற்பதை நிறுத்திவிட்டார்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். வெளியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பச்சைத் திரையில் விழுந்ததைக் கணக்கெடுக்கிற வேலை கொடுத்தார்கள். இவருக்கு மனசு ஒட்டவில்லை. கேட்டுக் கேட்டு மறுபடியும் உள்ளறைக்கே போய்விட்டார். அண்ணன் திட்டினார். "இங்கயே மிஷினப் பாத்துக்கிட்டு இருடா, சோத்துக்கா பஞ்சம்?" கொழுந்தனார் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கண்ணு போன எடத்துக்குப் போகாம இருந்தா, சும்மாவே போயிருச்சுன்னு ஆயிருமுங்கண்ணா."

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தார். கீழே மிஷின் கோடு போட்டது. வீட்டுக்காரர் டார்ச்சோடு சுற்றிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டு இறங்கியபோது கொழுந்தனார் மிஷின் பக்கம் போனார். நின்று பார்ப்பார், அல்லது அண்ணனை விட்டுப் பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டார். மிச்சமிருந்த இடது கண்ணை ஊசி வரிசைக்கு நேர்மட்டமாகக் கொண்டு போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுங்கண்ணா."

"பாத்தியா, தொழில் கைய விட்டுப் போகலெ" என்று வீட்டுக்காரர் சந்தோஷமாக அவர் முதுகில் தட்டினார். ஊசியை மாற்றினார்கள், மிஷின் ஓட ஆரம்பித்தது. டீயை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். கண் போயும் பழக்கம் போகவில்லை. அடுத்த கண்ணுக்குக் குடிமாறி உட்கார்ந்திருக்கிறது. பொங்கல் முடிந்து அவர் கிளம்பினார். கயிறு கட்டினேன். கண்ணாடியைப் பற்றி மறுபடியும் சொன்னேன். "சரிங்க நங்கை" என்றார், அன்றைக்குச் சொன்ன மாதிரியே.

கண்மலர் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். போன கண்ணுக்காக வாங்கிய பொட்டலம் இன்னும் ஊசிப் படத்துக்குப் பின்னால் பிரிக்காமல் இருக்கிறது. இப்போதெல்லாம் இருக்கிற கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறேன். மத்தியானத்தில் போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. அலமாரிக்கு முன்னால் போய் நிற்கிறேன். இந்தப் பக்கம் அம்மன், அந்தப் பக்கம் பிள்ளையார். நடுவில் அந்த ஊசி எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஆணி வரைக்கும். அதைப் பார்த்த பிறகுதான் போனைக் காதில் வைக்கிறேன்.