மூச்சு விடும் பிரைவேட் நம்பர்

மத்திய அரசில் ஒரு பெரிய அதிகாரிக்கு பி.ஏ. என்றால் சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான் வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் பரீட்சையோடு சரி, மற்றபடி பொழுது விடிந்தால் போனோடுதான் குடித்தனம். லோதி ரோட்டில் ஓர் அலுவலகத்தில் நான் அந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் அறையிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் போனில் எண் தெரியாது. 'பிரைவேட் நம்பர்' என்று மட்டும் வரும். என் அதிகாரியின் மொபைலும் அப்படித்தான். தில்லியில் இது ஒரு கௌரவம். காரிலிருந்து சிவப்பு விளக்கைப் பிடுங்கிய பிறகு பெரிய மனிதர்களுக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று நாள் முழுக்க அழைப்பு வந்து நொந்துபோயிருக்கும் உங்களுக்கு என் நிலைமை புரியும். உங்களுக்காவது அந்தத் தொல்லையை வாங்கிக்கொள்வதோடு முடிந்தது. நான் வாங்கவும் வேண்டும், ஊருக்கெல்லாம் கொடுக்கவும் வேண்டும்.

பார்சலில் வந்தது

ஒரு கமிட்டிக் கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை அழைக்கச் சொன்னார் சார். 'சார்' என்று நான் சொல்வதெல்லாம் என் அதிகாரியைத்தான். காரைக்குடிப் பக்கத்துக்காரர். விருந்தாளிகள் இருந்தால் ஆங்கிலம், நான் மட்டும் இருந்தால் தமிழ், கோபம் வந்தால் ஹிந்தி. பேராசிரியருக்கு வீடு முனிர்காவில். முதல் தடவை எடுக்கவில்லை. அடுத்த தடவை துண்டித்தார். உள்ளேயிருந்து சார், "லைன் மிலா க்யா? ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார். ஹிந்திக்குப் போய்விட்டார் என்றதும் அவசரமாக மறுபடியும் போட்டேன்.

கடைசியில் பேராசிரியர் எடுத்தார். "வணக்கம் சார், மத்திய அரசு அலுவலகத்திலிருந்து பேசறேன்" என்றேன். மோசடிக்காரர்கள் எல்லாரும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்களாம், எனக்கு எங்கே தெரியும்? அவர் நிதானமாகச் சொன்னார்:

"என் பேர்ல பார்சல் வந்திருக்கு, அதுல போதை மருந்து இருக்குன்னுதானே சொல்லப் போறே? ரெண்டு கிலோன்னு எழுதிக்கோம்மா, எனக்கு வாக்கிங் போக நேரமாச்சு!"

விடியற்காலை மூச்சு

என் கணவர் சேகருக்குப் போன குளிர்காலத்தில் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பள்ளிப் பரீட்சைகள் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புவதாக ஏற்பாடு. எனக்கும் சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த ஃபைல் சாரின் மேஜையில் இருந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே அவரிடமிருந்து 'பிரைவேட் நம்பர்' என்று வந்தால், தலையில் ஷாம்பு நுரையோடு இருந்தாலும் எடுத்துவிடுவேன். கையெழுத்து விழும்வரை அவர் மனம் கோணக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்குமே உத்தரவு.

ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பிரைவேட் நம்பர். "குட் மார்னிங் சார்" என்றேன். பதில் இல்லை. புஸ், புஸ் என்று மூச்சு விடும் சத்தம் மட்டும். துணியில் ஏதோ உரசுகிற சத்தம். "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். மூச்சு இன்னும் வேகமானது. வைத்துவிட்டேன்.

மறுநாளும் அதே நேரம், அதே மூச்சு. சார் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அவராக இருந்தால் எடுத்த எடுப்பிலேயே ஒரு வேலை சொல்லியிருப்பார். சேகரை எழுப்பிச் சொன்னேன். அவர் ரஜாயை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்:

"உங்க ஆபீஸ்காரங்க யாராவதுதான் இருக்கும். வாயைத் திறக்காம மூச்சு விட்டே சம்பளம் வாங்கறது அவங்கதானே?"

எல்லாரும் அல்லது யாருமில்லை

மூன்றாம் நாளும் மூச்சு வந்தது. சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் இளைஞர், பஞ்சாபி. போனை வாங்கி, செட்டிங்ஸில் நுழைந்து, தடை செய்த எண்கள் என்கிற இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்னப் பொத்தான். அதைத் தள்ளிவிட்டால் எண் தெரியாத அழைப்பு எதுவும் வராது. இவ்வளவு சுலபமா என்று உச்சி குளிர்ந்துபோயிற்று. தள்ளப் போன அவர் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன்.

"பையா, இதில் என் அதிகாரி மட்டும் வர வேண்டும், மற்றவர்கள் வரக் கூடாது. முடியுமா?" என்றேன். "அவர் நம்பர்?" என்றார். "அவர் கூப்பிட்டாலும் நம்பர் தெரியாது" என்றேன். அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிதாபப்பட்டு ஹிந்தியில் விளக்கினார்:

"மேடம் ஜி, ரெண்டு பேரும் முகத்தை மூடிக்கிட்டு வந்தா எது உங்க சாகேப், எது திருடன்னு இந்தப் பாவப்பட்ட போனுக்கு எப்படித் தெரியும்? விட்டா எல்லாரையும் விடணும், நிறுத்தினா எல்லாரையும் நிறுத்தணும்."

மெஹ்ரா ஜியின் வைத்தியம்

ஆக, பொத்தானைத் தள்ளினால் மூச்சு நிற்கும், சென்னையும் நிற்கும். தள்ளாமல் வந்துவிட்டேன். அடுத்த அறையில் இருக்கும் மெஹ்ரா ஜியிடம் புலம்பினேன். அவரும் பி.ஏ.தான். போன் விஷயத்தில் எதைக் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் படித்த ஒரு பதில் வைத்திருப்பார்.

"நீங்கள் ஹலோ சொன்னதே தப்பு" என்றார். குரலைப் பதிவு செய்துகொண்டு, இயந்திரத்தை வைத்து நம்மைப் போலவே பேசி, வீட்டுக்காரரிடம் பணம் கேட்பார்களாம். அதைக் கேட்டபின் நான் ஹலோ சொல்வதையும் விட்டேன். தினமும் காலையில் போன் வரும். எடுப்பேன். ஒருவேளை சாராக இருந்தால் அவரே பேசட்டும் என்று காத்திருப்பேன். அந்தப் பக்கம் மூச்சு, இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு. பால் பொங்கி வழியும். இப்படியே எத்தனை நாள்தான் இருப்பது என்று மெஹ்ரா ஜியிடம் எரிந்து விழுந்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"அவன் போன் பண்ணியிருக்கான், அவன்தான் பேசணும். நமக்கென்ன அவசரம், வசந்தா ஜி?"

சந்தோஷமாக இருக்கிறார்கள்

ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு திடீரென்று நின்றது. கை தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல் வயிற்றிலிருந்து சிரித்தது. அதைத் தொடர்ந்து பத்து இருபது ஆண்கள் ஒன்றாக, "ஹோ ஹோ, ஹா ஹா ஹா!" நான் போட்ட கூச்சலில் சேகர் ஓடிவந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருத்தன் இல்லை, ஒரு கும்பலே இருக்கிறது என்று இருவரும் முடிவு கட்டினோம்.

நேரே போலீஸ் சௌக்கி. அங்கிருந்த ஏட்டு எண்ணைக் கேட்டார். இல்லை என்றோம். மிரட்டினானா, பணம் கேட்டானா, தப்பாகப் பேசினானா என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். அவர் பேனாவை மூடிவிட்டார்:

"நம்பரும் இல்லை, பேச்சும் இல்லை, சிரிப்பு மட்டும்தான்னா நான் என்னன்னு கேஸ் எழுதறது? யாரோ சந்தோஷமா இருக்காங்கன்னா?"

பாக்கெட்டுக்குள் ஒரு பெண்

சனிக்கிழமை இரவு சேகரே அந்தப் பொத்தானைத் தள்ளிவிட்டார். "சென்னை வராட்டியும் பரவாயில்லை, நீ நிம்மதியாத் தூங்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடிக்கவில்லை. பால் பொங்கவில்லை. ஆனால் சார் கூப்பிட்டிருப்பாரோ என்கிற கவலையில் நிம்மதியும் வரவில்லை.

திங்கட்கிழமை உள்ளே போனதும் சார், "பைட்டியே" என்றார். ஹிந்தி! கையெழுத்து போயிற்று என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஆனால் அவர் கொஞ்சம் தயங்கித் தமிழுக்கு வந்தார். அவர் தினமும் காலையில் பூங்காவில் நடக்கப் போவாராம். நடந்து முடிந்ததும் அங்கே சிரிப்புக் கிளப். இவர்தான் முதலில் சிரித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் பின்பாட்டு. நேற்று இவர் சிரித்து முடித்த அமைதியில், இவருடைய குர்தா பாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், 'நீங்கள் அழைக்கும் நபர் வேறு அழைப்பில் இருக்கிறார்' என்று ஹிந்தியில் சொல்லியிருக்கிறாள். கிளப் தொடங்கிய நாளிலிருந்து எல்லாரும் நிஜமாகச் சிரித்தது நேற்றுதானாம்.

போனைத் திருப்பிக் காட்டினார். தினமும் காலையில் போன அழைப்புகள், வரிசையாக என் பெயர். நம்பர் தேடத் தெரியவில்லை என்று அவர் சலித்துக்கொண்டதால், தொட்டால் போய்விடும்படி என் பெயரை முகப்பிலேயே வைத்துக் கொடுத்திருந்தேன். எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் ஆப்பைத் திறந்து, அணைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இவர் நடக்கிறார். அது உரசி உரசி என்னைக் கூப்பிடுகிறது. சேகர் போட்ட தடையில் முட்டியதால்தான் நேற்று அந்தப் பெண் பேசியிருக்கிறாள். நாங்கள் பயந்து செத்த மூச்சு இவருடைய வாக்கிங் மூச்சு. அந்தக் கும்பல் மொத்தமும் ஓய்வு பெற்ற அதிகாரிகள். வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன், ஃபைல் மேஜையில் இல்லாமல் இருந்தால்.

"தினம் எடுத்துக் கேட்டிருக்கீங்க, ஏன் சொல்லலை?" என்றார். "நீங்கன்னு தெரியாது சார், நம்பர் வராதே" என்றேன். காலைச் சிரிப்பைப் பற்றியும் போலீஸ் சௌக்கியைப் பற்றியும் மெதுவாகச் சொன்னேன். அவர் காது சிவந்தது.

"அப்போ இத்தனை நாளா என்னை யாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

பரிசோதனை

அன்றே அவர் போனின் முகப்பிலிருந்து என் பெயரை எடுத்தேன். பூட்டுப் போட்டேன். விரல் வைத்தால் திறக்கும்படி செய்தேன். என் போனில் சேகர் போட்ட தடையையும் நீக்கினேன். சாருக்கு ஏக சந்தோஷம். வராந்தாவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் பி.ஏ. சரி பண்ணிட்டாங்க" என்று காட்டினார். சாயங்காலம் அவர் என் ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போவதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிரவு சேகர் அட்டைப்பெட்டி வாங்கி வந்தார். புத்தகங்களை அடுக்கவும் ஆரம்பித்துவிட்டோம்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். பிரைவேட் நம்பர். அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். மூச்சு இல்லை. பேச்சு.

"நான்தாம்மா. ஒண்ணுமில்லை, சரியாயிடுச்சான்னு பார்க்கத்தான் போட்டேன். இப்போ என் போன்லேருந்து உங்களுக்குக் கால் எதுவும் வரலையே?"

"வரலை சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? பின்னால் "ஹோ ஹோ" ஆரம்பமாகிவிட்டது. வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. சிரிப்புக்கு மேலே குரலை உயர்த்தி அன்பாகச் சொன்னார்:

"ராத்திரி உங்க ஃபைலைப் பார்த்தேன். இவ்வளவு கெட்டிக்காரரைச் சென்னைக்கு அனுப்பிட்டு நான் யாரைத் தேடறது? நான் ரிடயர் ஆகற வரைக்கும் விட முடியாதுன்னு எழுதிட்டேம்மா!"

வேண்டாத அழைப்பை நிறுத்தப் போனில் ஒரு பொத்தான் இருக்கிறது, வேண்டாத பாராட்டை நிறுத்தத்தான் எந்தப் போனிலும் ஒன்றும் இல்லை.