ஒரு நூல் சாய்வு

அப்பா ஆயுசு முழுக்கக் கொத்தனாராக இருந்தவர். கைநாட்டு வைப்பவர். ஆனால் ஒரு சுவரைப் பார்த்து "சாயுது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூலாவது, அதாவது அரைக்கால் அங்குலமாவது, சாய்ந்துதான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். எஞ்சினீயரிங் படித்து மெல்பர்னில் வேலைக்கும் வந்துவிட்டேன். இருந்தும் மட்டம், சாய்வு என்று வந்தால் அப்பா சொல்வதுதான் எனக்குக் கடைசி வார்த்தை.

அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வந்து, நகர ஓரத்தில் பாயிண்ட் குக்கில் நான் புதிதாகக் கட்டிய வீட்டில் என்னோடு தங்கியிருந்தார்கள். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்களே என்று, மல்கிரேவ் ஆபீஸில் என் பக்கத்து மேசையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் அவருடைய கேரவனை இரவல் கேட்டேன். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற, இரண்டு சக்கரம் வைத்த குட்டி வீடு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பாடம் எடுத்தார்.

"தம்பி, நாலு மூலையிலையும் நாலு கால் இருக்கு. அது ஆடாமல் பிடிக்கத்தான். அதாலை வண்டியைத் தூக்கப் பார்த்தீரோ, அடிச்சட்டம் வளைஞ்சு கதவு பூட்டேலாமப் போயிடும். பிறகு இரவு முழுக்க நீர் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்."

கடலோரச் சாலை வளைந்து வளைந்து போயிற்று. பாதி வழியில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். "பித்தம்" என்று அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேரவன் பார்க்கில் எங்களுக்கு விட்ட இடத்தில் வண்டியை நிறுத்தியதும் அம்மா கேட்டாள். "கட்டிலோட தலைமாடு எந்தப் பக்கம்டா?"

போனில் பார்த்தேன். "வடக்கும்மா."

"வடக்க தலைவச்சா உங்கப்பா படுக்கறது? திருப்பு வண்டிய."

"பூமிக்கு அடிப்பக்கம் வந்துட்டோம்மா. இங்க வடக்கு தெற்கெல்லாம் மாறிடும்."

"அப்ப சூரியன் இங்க மேற்கயா உதிக்குது? திருப்புடா."

திருப்பினேன். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. முதலில் இட வலம் சரியாக வேண்டும். அதற்குத் தாழ்ந்த சக்கரத்துக்குக் கீழே பலகை போட்டு அதன்மேல் வண்டியை ஏற்ற வேண்டும். பிறகு சக்கரத்துக்கு அணை கொடுத்து, காரைக் கழற்றி, வண்டியின் மூக்கில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி முன்னும் பின்னும் சரிசெய்ய வேண்டும். கடைசியில்தான் நான்கு கால்கள். அண்ணன் சொன்னபடி எல்லாம் செய்து, உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சாயுதுடா."

"எந்தப் பக்கம்ப்பா?"

"எடது பக்கம். தெரியல? கண்ண எங்க வச்சிருக்க?"

"ரசமட்டம் சரியாத்தாம்ப்பா காட்டுது."

"பிளாஸ்டிக்குல ஒரு ரசமட்டம். தூக்கிப் போடு அத."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "மட்டம் சரியெண்டால் விட்டுட்டுத் தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

"அப்பா சாயுதுங்கிறார்ண்ணே. அவர் கொத்தனார்."

"மேசனோ?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவர் சொல்றதைச் செய்யும். அந்த மட்டம் காரிலை உருண்டு பழுதாப் போயிருக்கும். மேசனோடை நான் வழக்குக்கு வரேல்லை."

ரசமட்டம் பழுதா என்று பார்ப்பது சுலபம். அதே இடத்தில் தலைமாற்றி வைத்தால் போதும். குமிழி மறுபடியும் நடுவிலேயே நின்றால் அது பொய் சொல்லவில்லை. இதை எனக்குச் சின்ன வயதில் காட்டியவரே அப்பாதான். ஆனால் அவர் கண்ணெதிரே அதைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை. அவரையே சோதித்துப் பார்ப்பது போல இருந்தது.

கால்களை மேலேற்றி, காரை மறுபடி மாட்டி, வலது சக்கரத்துக்கு அணை வைத்து, இடது பக்கம் அச்சுக்கடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். ஒரு பலகை சொருகி இறக்கினேன். அப்பா ஏறிப் பார்த்தார். "இன்னும்." மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டி இன்னொரு பலகை. முதுகு விட்டுப்போயிற்று. கடைசியில் அப்பா சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"ம். இப்பதான் சரி."

குமிழி கோட்டைத் தாண்டி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரசமட்டத்தை எடுத்து அலமாரிக்குள் போட்டேன்.

அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். சற்று நேரத்தில் அவள் குரல் கேட்டது. "டேய், எண்ணெயெல்லாம் வலப்பக்கம் ஓடுதுடா. இதுல எங்க தோச சுடறது?"

கரண்டியோடு அவள் நிற்பதையும் கல்லின் ஓரத்தில் எண்ணெய் குளமாகத் தேங்கியிருப்பதையும் பார்த்தேன். எண்ணெய் யார் மகனும் இல்லை. அதற்கு அப்பாவிடம் மரியாதையும் கிடையாது. அப்படியானால் முதலில் வண்டி சாய்ந்திருக்கவே இல்லை.

வெளியே ஓடினேன். அப்பா புல்தரையில் நின்றிருந்தார். சமமான தரைதான். உடம்பு இடது பக்கம் சரிந்திருந்தது. எதிரே ஒரு விளக்குக் கம்பம்.

"அப்பா, அந்தக் கம்பம் நேரா இருக்கா?"

பார்த்தார். முகம் சுளித்தார். "எந்த மடையன் நட்டான் இத?"

நான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். வந்த பெண் அப்பாவிடம் விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். வலது விரல் மூக்குக்குப் போனது. இடது விரல் காதருகே போய்த் தடவிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் தேடி எடுப்பவர் போல விழித்தார். அம்மா கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

மூளையின் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். வாந்தியைச் சொன்னேன். அதன் பிறகு இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கேரவனைச் சரிசெய்தோம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கேரவனை அண்ணன்தான் போய் இழுத்து வந்தார். அவ்வளவு பலகையையும் அவர் பார்த்திருப்பார்.

அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஊருக்குப் போகும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம். பிடித்துக்கொண்டு நடக்க நாலு கால் வைத்த சட்டம் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைவிட மோசம், அவர் எதையும் சாய்ந்திருக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். மாட்டிய படத்தைக் காட்டி, "இது நேரா இருக்கா?" என்று என்னிடம் கேட்பார். என்னிடம்! இருக்குப்பா என்றால் தலையாட்டிக்கொள்வார்.

போன வாரம் சமையலறை வாசலில் நின்றபடி வெகுநேரம் கதவு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நூல் சாஞ்சிருக்கு" என்றார், மெதுவாக. "வலது பக்கம்." உடனே, "எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடியுமா? ரசமட்டத்தை எடுத்து வந்து நிலையோடு சேர்த்து நிறுத்தினேன். பிறகு, இந்த முறை அவர் எதிரிலேயே, தலைமாற்றி வைத்தேன். இரண்டு தடவையும் குமிழி நடுவை விட்டு ஒரே பக்கம் விலகி நின்றது. மிகக் கொஞ்சம். பாயிண்ட் குக் பக்கம் களிமண் பூமி. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். புது வீடு அதற்குள் அசைந்துவிட்டிருந்தது.

"ஆமாப்பா! ஒரு நூல்! சாஞ்சிருக்குப்பா!"

அப்பா ரசமட்டத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டின வீடு கோணிக்கிட்டு நிக்குதாம். இவன் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு."