அறுத்த வலை

காவேரிப்பாக்கம் ஏரி என்றதும், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்ற எங்கள் சூப்பர்வைசர்தான் என் நினைவுக்கு வருகிறார். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் பிரிவு அவர் பொறுப்பு. ஒரு தையல் விட்டுப்போனாலும் ஜோடியையே பெட்டியில் போட்டுத் திருப்பியனுப்புவார்; முகம் பார்த்து ஒரு சொல் சொல்லமாட்டார். எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பறவை பார்க்கப் போவார் என்பதே, தன் வண்டி ரிப்பேரான ஒரு வாரம் என்னைக் கூட்டிப்போகச் சொன்னபோதுதான் தெரிந்தது. மறுக்கப் பயந்து, கூடப் போனேன்.

தை மாதம், ஏரி நிரம்பியிருந்தது. இரண்டு மணி நேரம் கரையில் நடந்தோம். நத்தைகுத்தி நாரைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மீன்வலையில் சிக்கி, தலை தண்ணீருக்குள் போவதும் எழும்புவதுமாக இருந்தது. வலைக்காரரைத் தேடலாம் என்றேன். அதற்குள் அவர் இறங்கிவிட்டார். பையிலிருந்த தோல் வெட்டும் கத்தியால் வலையை அறுத்து, பறவையைத் தன் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, கரையில் வைத்துச் சட்டையைத் தளர்த்தினார். அலகு கிழித்து அவர் புறங்கையில் ரத்தம் வழிந்தது.

வலைக்காரர் ஓடிவந்து, பிழைப்பையே அறுத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். கம்பெனியில் யாருக்கும் பதில் சொல்லிப் பழகாத மனிதர், ஈரப் பனியனோடு கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "தப்பு என்னுதுதான். ஊசி குடுங்க, நானே தச்சுத் தர்றேன்" என்றார்.

வலைக்காரர் நம்பிக்கையில்லாமல்தான் ஊசியும் நூலும் எடுத்துவந்தார். இரண்டு கண்ணி போட்டுக் காட்டினார். சூப்பர்வைசர் நான்கு போட்டார். வலைக்காரர் இழுத்துப் பார்த்து, "லூசா கீது சார், பிரிச்சிடுங்க" என்றார். மூன்று முறை பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்திலேயே குந்தியிருந்து எங்கே தவறியது என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அப்புறம் நானும் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிக் கண்ணி முடிந்து நிமிர்ந்தபோது சட்டை மட்டும் கிடந்தது.

"எப்ப போச்சு?" என்றார் சூப்பர்வைசர். மூவரில் யாரும் பார்த்திருக்கவில்லை.

மறுநாளே என் ஜோடி ஒன்று பெட்டியில் திரும்பி வந்தது. அவர் மாறவில்லை. ஓய்வுபெற்று இப்போது பெங்களூரில் மகளோடு இருக்கிறார். அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். தையல் தவறிய ஜோடியைத் தைத்தவரிடம் நானே எடுத்துப்போகிறேன். பிரித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். அது அவர்களுக்குப் பிடிக்கிறதா என்று இதுவரை கேட்டதில்லை.