தங்கம் அகப்பட்ட ஓடை

போன வாரம், சுங்கை பினாங்கில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பின்னால் கால்வாயைத் தூர்வார ஓர் இயந்திரம் வந்தது. அள்ளிப்போட்ட சேற்றின் வாடை தாங்காமல் அண்டை வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கறுப்புச் சேற்றுக்கு அடியில் வெளிறிய மணல் தெரிந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்தேன். பழக்கதோஷம், கை தானாக வாய்வரைக்கும் போய்விட்டது.

"அம்மா, ஆளுங்க பாக்குறாங்க லா" என்று மாடியிலிருந்து மகள் சொன்னாள்.

முன்பல்லில் வைத்துக் கடித்தால் நறநறப்பது பொடிமணல், வழுக்குவது களிமண். நான் படித்த நிலவியலில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான் என்று வீட்டில் பேச்சு. அதில் பொய்யும் இல்லை. மலைக்காட்டு ஓடைகளில் மண் அள்ளுவதுதான் என் முதல் வேலை. கேட்டவர்களிடம் அம்மா "பொண்ணு செபராங் ஜெயாவுல ஆபீஸ்ல இருக்கு" என்று மட்டும் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

வேலை இதுதான். மழை மலையைக் கழுவி ஓடையில் விடுகிறது. ஆகவே ஓடை மண்ணைச் சோதித்தால் மேலே பாறையில் என்ன உலோகம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். குப்பைத் தொட்டியைப் பார்த்து அந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்வது போல. ஒரு காட்டை இனி யாரும் தொடக்கூடாது என்று அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்னால், தொடாமல் விடுவதில் நமக்கு என்ன நட்டம் என்று பார்த்துவிட வேண்டும் அல்லவா? அதற்குத்தான் எங்கள் கம்பெனியைக் கூப்பிடுவார்கள்.

கம்பெனி என்றால் கடைவீட்டு மாடியில் மூன்று அறை. கொடிக்கயிற்றில் மண் நிறைந்த துணிப்பைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஈரமண்ணும் சாக்கும் கலந்த அந்த வாசனையோடுதான் மத்தியானச் சோறு சாப்பிடுவோம். சோதனை முடிவு வந்ததும் வரைபடத்துக்கு வண்ணம் பூசுவோம். உலோகம் குறைந்த இடம் பச்சை, மிகுந்த இடம் சிவப்பு. எங்கள் முதலாளிக்குப் பச்சை பிடிக்காது. "இப்படிப் பச்சையா கொண்டுபோனா நாம என்னத்தப் பண்ணிக் கிழிச்சோம்னு கேப்பாங்க" என்பார்.

முதலாளியை எல்லோரும் டாக்டர் என்போம். பாறைகளைப் பற்றி எழுதி வாங்கிய பட்டம். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்து வழிவந்தவர், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மகன் ஊசி போடும் டாக்டர் இல்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்ததாம். டாக்டர் விரலில் பெரிய கல் வைத்த தங்க மோதிரம் இருக்கும். அதைப் போட்டால் மண்ணிலிருந்து செல்வம் வரும் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். நிலவியலாளர் மண்ணை நம்புவது நியாயந்தானே.

மண் அள்ளப் போகிறவர்கள் நகை எதுவும் போடக்கூடாது என்பது சட்டம். மோதிரமும் வளையலும் சரளைக்கல்லில் உரசித் துகள் விழுந்தால் சோதனை கெட்டுவிடும். அந்தச் சட்டத்தை மும்மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டியவரும் டாக்டர்தான். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், வெறுங்கையோடு போகிறாளே என்று அம்மாவுக்கு மனசு ஆறாது.

காட்டுக்கு என்னோடு வருபவர் குணா அண்ணன். வண்டி ஓட்டுவார், பாதை வெட்டுவார், பை கட்டுவார், அட்டைக்கு உப்பு வைப்பார். இப்படி நாங்கள் கெடா பக்கத்து மலைக்காடு ஒன்றில் ஓடை ஓடையாக ஏறிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் டாக்டரும் வந்தார். புதுத் தொப்பி, புது பூட்ஸ். கம்பெனிக்குப் படம் வேண்டுமாம். ஓடையில் இறங்கி, மண் அலசும் மரத்தட்டில் கையை விட்டு அளைந்தார். மோதிரம் வெயிலில் மின்னியது. நான் மெல்ல, "டாக்டர், மோதிரம்..." என்றேன். "படம்தானேம்மா எடுக்கிறோம்" என்றார். படம் நன்றாக வந்தது. தட்டிலிருந்த மண்ணை வீணாக்க வேண்டாம் என்று அவரே பையில் போட்டுக் கொடுத்தார்.

ஜோசியர் சொன்னது பலித்தது. அந்தப் பையில் மட்டும் தங்கம் இருந்தது.

அப்புறம் அலுவலகம் கல்யாண வீடாகிவிட்டது. வரைபடத்தில் அந்த ஓடையைச் சுற்றி டாக்டர் தம் கையாலேயே சிவப்படித்தார். கார் கண்ணாடியை இறக்காமலே பேசுகிற பெரிய மனிதர்கள் படியேறி வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். காட்டுப் படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது. உறுதிசெய்ய எங்களைத் திரும்ப அனுப்பினார்கள். அதே ஓடையில் மேலேயும் கீழேயும் அள்ளினோம். தங்கம் பொட்டளவும் இல்லை.

டாக்டர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: முதல் பையில் யாரோ தங்கத்தைப் போட்டிருக்கிறார்கள். பைகளைக் கட்டியவர் குணா அண்ணன். அவரைக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டால் போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு மட்டும் நிறுத்துவதாகச் சொன்னார்.

குணா அண்ணன் அதிர்ந்து பேசவில்லை. "டாக்டர், எங்க வீட்டுத் தங்கம் எல்லாம் அடகுக் கடையில இருக்கு. நான் எங்க போய்க் காட்டுல போடுறது?" என்றார். ஆனால் வெளியே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

நான் மாக் மண்டினுக்குப் போனேன். மண்ணைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. அங்கே வேதியியல் பார்த்த மரகதம் அக்கா மிச்சமிருந்த துகளை மறுபடி பார்த்துச் சொன்னார்: "நல்லா செம்பு கலந்திருக்கு தங்கச்சி. காட்டுக்குள்ள நகைப் பத்தர் யாரும் கடை போட்டிருக்காரா?"

திரும்பி வந்ததும் வரவேற்பறைப் படத்தைக் கழற்றி எடுத்துப்போய் டாக்டரின் மேசையில் வைத்தேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். அடுத்த வேலை எங்கே தேடுவது என்று அப்போதே மனதுக்குள் யோசனை. டாக்டர் முதலில் படத்தில் தம் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். இடது கை மெதுவாக வந்து வலது கை மோதிரத்தை மூடிக்கொண்டது. அந்த நேரம் எனக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது.

அறிக்கையில் அந்த மோதிரம் "வெளிக்காரணத்தால் நேர்ந்த மாசு" ஆனது. மறுநாள் குணா அண்ணனுக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் ஒன்று வந்தது. மன்னிப்பையும் அதற்குள் வைத்து மடித்திருப்பார் என்று எடுத்துக்கொண்டோம்.

தங்கம் இல்லை என்றானதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. காடு பிழைத்தது என்று நினைத்தேன். மலையடியில் இருந்த சிறு கிராமத்துக்கு, அந்தக் கம்போங்குக்கு, ஓடைதான் தண்ணீர். ரப்பர் குழாய் போட்டு வீடுவரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். அதை விளக்கி, ஓடையைக் காக்க வேண்டும் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். டாக்டர் அடித்துவிட்டார்.

"நம்மகிட்ட கேட்டது மினரல் இருக்கா இல்லையான்னு. தண்ணி மினரல் இல்லம்மா."

வெளியே வந்து சொன்னபோது குணா அண்ணன், "அப்புறம் ஏன் லா கடையில மினரல் வாட்டர்னு விக்கிறான்?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

முழுப் பச்சையாக வரைபடம் போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில் மதிப்புள்ள எதுவும் இல்லை என்று நாங்கள் கையெழுத்திட்டுச் சொல்லியிருந்தோம். மதிப்பில்லாத இடம் காலி இடந்தானே? காலி இடத்தில் டுரியான் நடலாம். நட்டார்கள். மலையைப் படிப்படியாக வெட்டி, பழம் விமானம் ஏறி வெளிநாடு போகும் அளவுக்கு நட்டார்கள்.

கம்பெனி இருந்த மாடியில் இப்போது பல் மருத்துவமனை. குணா அண்ணன் ஜார்ஜ்டவுனில் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். போன டுரியான் பருவத்தில் பயணிகளை அந்தத் தோட்டத்துக்கே கூட்டிப்போக நேர்ந்ததாம். வாசலில் டிக்கெட் வைத்திருக்கிறார்கள். ஓடை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஓடையா? தூத்துட்டாங்க தங்கச்சி. நாம உக்காந்து சாப்புடுற பாறை இருந்த இடத்துலதான் வேன நிறுத்துனேன்."

கம்போங்குக்கு இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது என்றும் சொன்னார். வராத நாளும் உண்டாம். பிறகு அவர், அந்த ஓடைத் தண்ணீரில் கை வைத்தால் குளிரில் முழங்கைவரை மரத்துப்போகுமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.