மாயாண்டியின் இருநூற்று முப்பத்தைந்து வோட்ஸ்

2003ஆம் ஆண்டு தை மாதம் ஒரு சனிக்கிழமை, முழங்கால்வரை சேறு அப்பிய ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் பாடசாலை வாசலில் வந்து நின்றாள். கையில் தடித்த டயர் போட்ட சைக்கிள். பெயர் இங்ரிட், டென்மார்க்கில் பொறியியலாளர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மரப்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் போனாரே, அவர் யார்? மேட்டில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது என்னைத் தாண்டிப் போனார்."

அது மாயாண்டி, பேக்கரி ரொட்டியைக் கொண்டுவந்து விற்கும் எங்கள் பாண்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கரப்பத்தனைக்கு மாற்றலாகி வந்த நான்கு வருடங்களாக அவரிடம் பாண் வாங்குகிறேன். வேறெதுவும் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயது. ஐம்பத்திரண்டு கிலோகூடத் தேறாத உடம்பு. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, தோட்டத்தின் மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மூன்று கிலோமீற்றர் ஏற்றம். தார் கிடையாது, மழை அரித்த பள்ளமும் கருங்கல்லும்தான். கொழுந்து லொறியே முனகிக்கொண்டு ஏறும் அந்தப் பாதையில் அவர் தினமும் பாண் கொண்டு போனார்.

இங்ரிட் தன் பின்சக்கரத்தைக் காட்டினாள். அதன் நடுவில் ஒரு தடித்த உலோக உருளை. மிதிக்கிற கால் எவ்வளவு வலுக் கொடுக்கிறது என்பதை அது நொடிக்கு நொடி அளந்து, கைப்பிடியில் உள்ள சின்னத் திரையில் காட்டுமாம். தார் ரோட்டில் சரியாக அளக்கும் கருவி கல்லிலும் சேற்றிலும் சரியாக அளக்குமா என்று பார்க்கவே வந்திருந்தாள். ஒரே பாதையில் இரண்டு பேர் ஓட்டவேண்டும். கூட வந்த நண்பர் முதல் நாள் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதால், இரண்டாவது ஆளாக மாயாண்டி வருவாரா என்று கேட்டாள்.

பாண் விற்றுத் திரும்பிய மாயாண்டியிடம் நான் விசயத்தைச் சொன்னேன்.

"காலோட வலுவ மெசின் அளக்குமா டீச்சர்?"

"ஓம் அண்ணை. பல்புக்குச் சொல்லுற மாதிரி வோட்ஸ் கணக்கில காட்டுமாம்."

அவர் சிரித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஓட்டிப் பாக்குறேன். ஆனா வெறுஞ்சைக்கிள் எனக்குத் துள்ளுங்க. முதுகுல ஏதாச்சும் கட்டிக்கிறேன்." இங்ரிட்டின் முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ கோதுமை மாவை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் ஒரு கியரைப் போட்டுக் கொடுத்தாள். கடைசிவரை அவர் அதை மாற்றவேயில்லை.

நாங்கள் முன்னதாகவே தோட்டத்து ட்ரக்டரில் ஏறி மேலே போய்க் காத்திருந்தோம். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவருடைய வெள்ளைச் சட்டை வளைவுகளில் மறைந்து மறைந்து தெரிந்தது. எந்த இடத்திலும் அது நிற்கவில்லை. பதினெட்டாவது நிமிடம் எங்கள் முன்னால் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. "தண்ணி இருக்குங்களா?" என்றார்.

இங்ரிட் திரையைப் பார்த்தாள். சராசரி இருநூற்று முப்பத்தைந்து வோட்ஸ். காலையில் அதே பாதையை அவள் ஏறியபோது வந்தது நூற்றுத் தொண்ணூறு. அதுவும் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளியபிறகு.

அவள் நம்பவில்லை. கல்லின் அதிர்ச்சியில் கருவி பிழையாகக் காட்டியிருக்கும் என்றாள். மறுநாள் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, தானே ஒருமுறை ஏறினாள். பழைய எண்ணே வந்தது. மாயாண்டி மறுபடி ஏறினார். இருநூற்று முப்பத்தெட்டு.

பாடசாலை மேசையில் தன் மடிக்கணினியை வைத்து, இருவரின் வலுவும் வழியெல்லாம் ஏறி இறங்கியதை இரண்டு கோடுகளாக அவள் காட்டினாள். அவளுடைய கோடு மரம் அறுக்கும் வாளின் பல்லைப் போல இருந்தது. கல்லில் சக்கரம் முட்டும்போது அறுநூறுக்குத் தாவும். சேற்றில் வழுக்கும்போது பூச்சியத்துக்கு விழும். மாயாண்டியின் கோடு எங்கள் மலைகளைப் போல மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஓரிடத்திலும் பூச்சியத்தைத் தொடவில்லை. இத்தனை கல்லுக்குள் ஒரு மனிதனின் கால் இப்படி ஓட முடியுமா என்று அவள் கேட்டாள். நான் அதை அவரிடம் கேட்டேன்.

"கல்லு வர்றப்ப ஓங்கி மிதிச்சா பெட்டி குலுங்கும் டீச்சர். பாணு நசுங்கிரும். நசுங்குன பாணை யாரு வாங்குவாங்க? அதனால கல்லுக்கு முந்தியே காலைப் பதமா வச்சிக்கிருவேன். அவ்வளவுதான்."

பிறகு கணினியில் இருந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நாந்தானா?"

"நீங்கள்தான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியப் போனபோது, நெஞ்சு ஒட்டிக்கிடக்கிறது, மலைவேலைக்குத் தெம்பு போதாது என்று திருப்பி அனுப்பினார்களாம். ஏதோ ஒன்று செய்யவேண்டுமே என்றுதான் பாண்பெட்டியைக் கட்டினாராம். "இருவத்தெட்டு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். இதை இங்ரிட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் எழுந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி எடுத்த இளம் போட்டி வீரர்கள் சிலரிடம்தான், உடல் எடைக்கு இவ்வளவு வலுவைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள். நல்லவேளையாக அந்த இரண்டு கோடுகளையும் என் கொப்பியில் வரைந்து தரும்படி கேட்டு வாங்கிவைத்தேன். அந்த வாரமே அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

மாயாண்டி வழக்கம்போல் பாண் கொண்டு போனார். செய்தி அவருக்கு முன்னால் மலையேறியிருந்தது. புதன்கிழமை காலை நான் மேல் டிவிசனில், பாடசாலைக்கு வராதிருந்த ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து, பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கங்காணியும் அதட்டவில்லை, அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மாயாண்டியின் மனைவி அழகம்மா அந்த வரிசையில் இருந்தாள்.

கடைசி வளைவில் மரப்பெட்டி தெரிந்தது. பெரிய கல் கிடந்த இடத்தில் சைக்கிள் கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து, ஏறியது.

"தினமும் இப்படியா வர்றாரு?" என்று அழகம்மா என்னிடம் கேட்டாள். "நான் ஒருநாளும் நின்னு பாத்ததில்லையே டீச்சர்."

மாயாண்டி அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மணியை ஒருமுறை அடித்து, மிதித்துக்கொண்டே எங்களைக் கடந்து லயத்தின் பக்கம் போனார்.