சனிக்கிழமைச் சங்கு

என் காப்பிக்கடையில் ஸோரா இப்போதெல்லாம் ஒரு கோப்பையை முழுதாகக் குடிப்பதில்லை. பாதியில் எழுந்துவிடுவாள். காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி தான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்கு ஓடுவாள், அங்கிருந்து எதிரே இருக்கும் தீயணைப்புக் கொட்டகைக்கு, அங்கிருந்து ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டுக்கு.

"உக்காரு ஸோரா, காசு குடுத்த காப்பி" என்பேன்.

"நீயே குடி மாத்தோ. உனக்குத்தான் வேலவெட்டி இல்லையே" என்பாள்.

நிலநடுக்கத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. என் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்புவதுதான் கஷ்டம்.

எங்கள் ஊரில் தீயணைப்புப் படை என்றால் ஊர்க்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. ஸோராவும் அதில் ஒருத்தி. பூமி ஆடிய அன்று முதலில் கொட்டகைக்கு ஓடியவள் அவள்தான். அபாயச் சங்கின் பட்டனை அழுத்திவிட்டு, இடிந்த வீடுகளைத் தோண்ட ஓடினாள். மின்சாரம் போன பிறகும் பேட்டரியில் சங்கு கத்திக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரம் ரொட்டிக்கடைச் சந்தில், சரிந்த புகைபோக்கிக்கு அடியில், நான்கு வயது லோரேனா கிடந்தாள். உதவி கேட்டுக் கத்தியிருக்கிறாள். அந்தச் சந்து வழியாக நானே போனேன், எனக்குக் கேட்கவில்லை. பேட்டரி தீர்ந்து சங்கு ஓய்ந்த பிறகுதான் குழந்தையின் முனகல் கேட்டது. கால் முறிந்திருந்தது, பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் குரல் எழும்பவே இல்லை. எதைக் கேட்டாலும் முணுமுணுப்புதான்.

தலைநகர் ஸாக்ரெபிலிருந்து, பயந்த பிள்ளைகளைத் தேற்றும் திட்டக்காரர்கள் வந்தார்கள். மெத்தை, களிமண், வண்ணப் பென்சில் எல்லாம் கொண்டுவந்தார்கள். நல்லவர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ராத்திரி அலறிய பிள்ளைகளைத் தூங்கவைத்தது அவர்கள்தான். பிறகு திட்டம் முடிந்தது என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளின் பயத்துக்கு முடிவுத் தேதி போட்டது யார் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். வாராவாரம் சனிக்கிழமை நண்பகலில் சோதனைச் சங்கு ஊதும்போது பாதிப் பிள்ளைகள் இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தார்கள்.

ஸோரா படைத் தலைவன் யோசோவைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டன பிள்ளைங்க அழுத்தட்டும்."

"மூள கலங்கிடுச்சா உனக்கு? அதென்ன வெளையாட்டுச் சாமானா?"

"எப்ப கத்தும்னு தெரியாமத்தானே நடுங்குதுங்க. தானே அழுத்தினா தெரியுமில்ல? உன் பேரனும் மேசைக்கடியிலதான் இருக்கானாம்."

யோசோ ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கொட்டகையில் கூடுவார்கள். ஸோரா பள்ளிச் சமையலறையிலிருந்து அப்பம் சுட்டுக்கொண்டு வருவாள். அந்த வாரம் யாருக்குத் தைரியம் வருகிறதோ அந்தப் பிள்ளை அழுத்தும். எங்கள் ஊரில் சங்கு ஊதினால்தான் சனிக்கிழமை சூப்பில் கரண்டி வைப்போம். பிள்ளை தயங்கினால் ஊர் முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருக்கும். நான் சாலையைத் தாண்டிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

"சூப்பு ஆறிப்போச்சு ஸோரா."

"ஆறினா சூடு பண்ணிக்கோ. உன் வீட்ல அடுப்பு இல்லையா?"

ஒவ்வொரு பிள்ளையாக அழுத்திப் பழகியது. லோரேனா மட்டும் வாசல்வரை வருவாள், "அடுத்த வாரம்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஸோராவுக்கு அந்த ஒரு பிள்ளைதான் உயிர். அவள் ஒருமுறை உள்ளே வந்து கை வைத்துவிட்டால் போதும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கை இயக்கும் புதுப் பெட்டி வந்தது. இனிமேல் எல்லா ஊர்ச் சங்கும் நகரத்திலிருந்தே ஊதுமாம். பட்டனைப் பிடுங்கிப்போட்டார்கள். ஸோரா நகரத்துக்குப் போய்க் கத்தினாள், கெஞ்சினாள். பெரிய பெரிய ஆட்கள் புன்னகையோடு கேட்டுக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவள் கொட்டகைக்குள் பழைய சாமான்களை உருட்டிப் புரட்டி, எங்கள் அப்பாக்கள் காலத்துக் கைச்சங்கை வெளியே இழுத்தாள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் சுழன்று ஊதும் சங்கு.

"சட்டப்படி இதச் சுத்தக் கூடாது" என்றான் யோசோ.

"சட்டப்படி நீ எப்பவோ ரிட்டயராயிருக்கணும். எண்ணெய எடு."

யோசோ எண்ணெய் போட்டான். நகரத்துச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளைகள் தங்கள் சங்கைச் சுற்றிவிடுவது என்று முடிவானது.

முதல் சனிக்கிழமை, வேடிக்கை பார்க்க நானும் போனேன். பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். மாடு கத்துவதுபோல அடித்தொண்டையில் ஆரம்பித்து, கை வேகமாக வேகமாகச் சத்தம் மேலே ஏறியது. சத்தம் தங்கள் கைக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் லோரேனா வாசலைத் தாண்டி உள்ளே நிற்கிறாள்.

"அன்னிக்கு இது ஏன் நிக்கவே இல்ல?" என்று கேட்டாள். குனிந்து கேட்டால்தான் காதில் விழும்.

"பேட்டரிக் கோளாறும்மா" என்றான் யோசோ அவசரமாக.

ஸோரா மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "கோளாறு இல்ல. நான்தான் அழுத்திட்டு ஓடிட்டேன். நிறுத்தணும்னு எனக்குத் தோணல."

"நான் கத்தினேன்."

"தெரியும் கண்ணு. இந்தச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல."

எனக்கு ஸோராமேல் கோபம் வந்தது. ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? குழந்தையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்தேன். ஸோரா ஓட ஓரிடமில்லாமல் அங்கேயே நின்றாள்.

லோரேனா கைப்பிடியைக் காட்டினாள்.

"நீங்க சுத்துங்க அத்த. நான் சொல்றப்ப நிறுத்தணும்."

ஸோரா சுற்றினாள். சங்கு ஏறி ஏறிக் கொட்டகை முழுக்க நிறைந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். லோரேனாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஸோரா அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் சுற்றுவதை விடவில்லை. நிறுத்தித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. குழந்தை ஓரடி முன்னால் வந்து மறுபடி வாயைத் திறந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்து."

சங்கையும் மீறி அது எனக்குக் கேட்டது. எதிரே கடையில் இருந்த என் மனைவிக்கும் கேட்டதாம்.

ஸோரா கையை எடுத்ததோடு விடவில்லை. சக்கரம் தானாக ஓயட்டும் என்று காத்திருக்காமல் உள்ளங்கையால் அதை அமுக்கிப் பிடித்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. சத்தம் பட்டென்று நின்றது.

"இன்னொரு தடவ" என்றாள் லோரேனா.

ஸோரா அதே கையால் கைப்பிடியைப் பிடித்தாள்.