யேசப்பா என்று தொடங்கிய ஜெபம்

என் மனைவி வாய்விட்டு ஜெபம் செய்து நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. இதோ அடுப்படியில்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் ஜெபத்தை நிறுத்தியவன் நான். இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது.

1993இல் நான் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வீடு விழுப்புரத்தில். ரயிலில் போக வர ஏதாவது படிக்கலாம் என்று தபால் வழி வேதாகமப் பாடத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு உறை வரும். பிரித்தால் கிரேக்க எழுத்தும் எபிரெய எழுத்தும். கோப்புகளைப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அவை இதமாக இருந்தன. காலையில் வண்டி முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடுவேன்.

கிறிஸ்து என்பது பெயரே அல்ல. அபிஷேகம் பெற்றவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். எபிரெயர் அதையே மேசியா என்றார்கள். இயேசு என்று நாம் சொல்வதும் கிரேக்கர் வாய்வழி வந்ததுதான். பெற்றவள் அவரைக் கூப்பிட்டது யெஷுவா என்று. அலுவலகத்தில் என்னை ஒரு பொருட்டாக மதித்தவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதினால் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஆளுக்கொருவராகச் சொல்ல வேண்டும். அவள் வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகுதான் வேதத்துக்கு வந்தவள். "யேசப்பா" என்று தொடங்குவாள். அப்பா வீட்டு மல்லாட்டைப் பயிருக்கு ஒரு மழை, சின்னவளின் காதுவலி, நான் ஏறும் ரயில் நேரத்துக்கு வரவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போவாள். சோறு ஆறிவிடும்.

ஒருநாள் நடுவில் நிறுத்தினேன். கண்ணை மூடி ஜெபிக்கிறவளை நிறுத்தலாமா என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அது கிரேக்கப் பெயர், யெஷுவா என்று சொல் என்றேன். சரிங்க என்று மறுபடி தொடங்கினாள். நாக்கு புரளவில்லை. மறுநாளும் திருத்தினேன். அதற்கடுத்த வாரம், பிதாவின் பெயரான நான்கு எபிரெய எழுத்துகளை யூதர்கள் வாயால் சொல்லவே அஞ்சினார்கள், நாமோ யேகோவா என்று போகிறபோக்கில் அடித்துவிடுகிறோம் என்று விளக்கினேன். அவள் முகம் வெளுத்தது.

"நீங்களே பண்ணிடுங்க. நான் ஆமென் சொல்லிக்கிறேன்" என்றாள்.

ஆமென் அசல் எபிரெயம். திருத்த ஒன்றும் இல்லை. சாப்பாடும் சீக்கிரம் முடிந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தோம். நான் ஓய்வுபெற்றேன். பாட உறைகளைக் கரையான் தின்றது. அப்புறம்தான் உறைத்தது: சுவிசேஷத்தை எழுதியவர்களே அவர் பெயரைக் கிரேக்கத்தில்தான் எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு உறுத்தாதது எனக்கு உறுத்தியிருக்கிறது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை, பிறகு வெட்கம், பிறகு சோம்பல்.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியில் படுத்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது. நீ ஒரு ஜெபம் பண்ணேன் என்று கெஞ்சினேன். அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். சரி, அவள் விட்ட இடத்திலிருந்து நானே தொடங்கிக் கொடுக்கலாம் என்று கண்ணை மூடி, "யேசப்பா" என்றேன்.

கையை அழுத்தி நிறுத்தினாள்.

"அது கிரேக்கப் பேருங்க. நீங்கதான சொன்னீங்க. சரியான பேரச் சொல்லிடுங்க. ஜல்தியா சொல்லுங்க, ஸ்டிரெச்சர் எடுத்துக்கினு வர்றாங்க."

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. முகத்தில் பயம்தான் இருந்தது. பெயர் தப்பினால் அவர் கேட்கமாட்டார் என்று இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள். எந்தப் பெயரானாலும் கேட்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

யெஷுவா என்று சொல்லி ஜெபத்தை முடித்தேன். அவள் ஆமென் என்றாள்.